சலீம் மாமா பதில் சொல்லலையாம்!

போன வெள்ளிக்கிழமை எதிர் வீட்டு ஜமீலா அக்கா போன் பண்ணி, “கொஞ்சம் வந்துட்டுப் போங்க” என்றார். குரலே சரியில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

அக்காவுக்குச் சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. மகள் ரிஸ்வானாவின் படிப்புக்காகப் பெரம்பலூர் வந்தவர். இப்போது ரிஸ்வானாவுக்குக் கல்யாணம். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வளைகுடாவில். யாருக்கு எப்போது லீவு என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாதக்கணக்கில் பேச்சு. படித்து முடிக்க ஓர் ஆயுள் போதாது!

ரிஸ்வானா கம்ப்யூட்டர் படித்த பெண். எல்லாருக்கும் தோதான தேதியை ஏஐ-யிடம் கேட்டுவிடலாம் என்று மொத்த அரட்டையையும் எடுத்துக் கொடுத்தாள். ‘ரொம்ப நீளம்’ என்று அது கையை விரித்துவிட்டது. விடுவாளா? நீளமான ஃபைலைச் சுருக்கித் தர ஒரு டூல் இருக்கிறதாம். பட்டன் கிடையாது, படம் கிடையாது... கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை, ஒரு என்டர். திரும்பத் திரும்ப வருவதையெல்லாம் அதுவே தூக்கிவிடும். அரட்டை கால்வாசியாக இளைத்துவிட்டது.

ஏஐ பளிச்சென்று தேதி சொன்னது. கூடவே ஒரு வரி – ‘சலீம் மாமா எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை.’

சலீம், அக்காவின் ஒரே அண்ணன். ரியாத்தில் டிரைவர்.

“என் புள்ள கல்யாணத்துக்கு எங்கண்ணன் ஒரு வார்த்த சொல்லல, பாத்தீங்களா? அப்படி நான் என்ன பண்ணிட்டேன்?” அக்கா முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு போன் போட்டுக் கேளுங்களேன் அக்கா” என்றேன்.

“மனசு இல்லாதவங்கள நானா கூப்புடணுமா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பழைய அரட்டையைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த ரிஸ்வானா கத்தினாள். “அம்மா, இங்க பாரு! மாமா எல்லாத்துக்கும் பதில் போட்டுருக்காங்க!”

ஆமாம். தேதி கேட்டால், ‘இன்ஷா அல்லாஹ்’ – இறைவன் நாடினால். மண்டபம் கேட்டால், ‘இன்ஷா அல்லாஹ்.’ குரூப்பில் இன்னும் பலரும் அதையே போட்டிருந்தார்கள். முதலில் யாரோ போட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிட்டது டூல். அதைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அண்ணன் என்ன, தங்கை என்ன... அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

ரிஸ்வானாவே ரியாத்துக்குப் போனைப் போட்டாள். ஸ்பீக்கரில் சலீம் அண்ணன் தயங்கித் தயங்கிப் பேசினார். “மொதலாளி லீவு இன்னும் சொல்லல ஜமீலா. வரேன்னு சொல்லிட்டு வராம போயிட்டா நீ தாங்க மாட்டே. வேற என்னத்த எழுதறதுன்னு தெரியல...”

எனக்குச் சுருக்கென்றது. ‘ம்’, ‘சரி’, ‘பார்க்கலாம்’ – இதையே எழுதுகிறவர்களை நாமும்தானே படிக்காமல் தள்ளிவிடுகிறோம்? அதற்குப் பின்னால் அவர்களுக்கு என்ன சங்கடமோ!

அக்கா போனைப் பிடுங்கினார். “ஏஐ சொன்ன தேதியும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒனக்கு லீவு எப்ப கெடைக்குதோ, அப்ப சொல்லுண்ணே. அன்னிக்கித்தான் நிக்காஹ்.”

மாப்பிள்ளை வீட்டாரிடம் அக்காவே பேசிக்கொள்வாராம். அன்றைக்கு மண்டபம் கிடைக்காவிட்டால்? தெருவில் பந்தல் போட்டுக்கொள்ளலாமாம்... பாதிப் பந்தல் என் வீட்டு வாசலில்தான்!