பாதிக் கார்டு

கார்டு பொருந்திவிட்டது. பொருந்தாமல் இருந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், இவ்வளவு அலைச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பார்சல் வந்தது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு பச்சை அட்டை. வைஃபை, புளூடூத் இரண்டும் அதற்குள்ளேயே. மதர்போர்டில் அதற்கென்றே இருந்த இடத்தில் சாய்த்துச் செருகி, படுக்கவைத்து, கடுகளவு திருகாணி ஒன்றை முடுக்கினேன். முடியைப் போன்ற இரண்டு ஆன்டெனா ஒயர்களை அதன் தலையில் அமுக்கினேன். டிக், டிக் என்று உட்கார்ந்தன. கம்ப்யூட்டரைப் போட்டேன். வைஃபை என்று உலகத்தில் ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

கழற்றினேன், மாட்டினேன். கார்டுக்கான டிரைவர் மென்பொருளைப் போனில் இறக்கி ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். மறுபடி கழற்றினேன். நாலாவது தடவை திருகாணி கைதவறி மின்விசிறிக் காற்றில் உருண்டு கட்டிலுக்கடியில் போனது. அதைத் தேடக் குனிந்தவள் அப்படியே தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

திங்கள்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எனக்கு வேலை ஆரம்பம். கட்டட வரைபடங்கள் போடும் ஒரு சின்னக் கம்பெனி. வீட்டிலிருந்தே வேலை, சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும், முதல் மூன்று மாதம் சோதனை. முதல் நாள் வீடியோ கூட்டத்தில் சேராதவர்களுக்குப் பதிலாகப் பட்டியலில் அடுத்து இருப்பவரை அழைப்போம் என்று மெயிலில் எழுதியிருந்தார்கள். அடுத்து இருப்பவர் யாரென்று தெரியாது. அவர் வீட்டில் வைஃபை இருக்கும் என்று மட்டும் நிச்சயமாகத் தோன்றியது.

அந்த வரைபடங்களை இழுக்கிற லேப்டாப் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே கம்ப்யூட்டரைக் கட்டினேன். வைஃபை இல்லாத மதர்போர்டு மலிவு என்பதால் அதை எடுத்தேன். கார்டைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம், அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்று படித்திருந்தேன்.

கேபிள் இழுத்திருக்கலாமே என்று கேட்கலாம். நாங்கள் டெல்லி முனிர்காவில் மூன்றாவது மாடியில் ஓர் அறையில் இருக்கிறோம். ரவுட்டர் எங்களுக்கு நேர் கீழே, வீட்டுக்கார ஆன்ட்டியிடம். பழைய குடித்தனக்காரர் படிக்கட்டில் போட்டிருந்த ஒயரில் தடுக்கி ஆன்ட்டி ஒருதரம் விழுந்திருக்கிறார். பாஸ்வேர்டு தருவேன், ஒயர் பேச்சே எடுக்காதே என்று சொல்லிவிட்டார். போனிலிருந்து நெட் எடுப்பதும் நடக்காது. எங்கள் ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கிறது. மொபைல் சிக்னல் வாசற்படியோடு நின்றுவிடும். மழைக்காலத்தில் ஜன்னல் வழியாகத் தரைக்குத் தண்ணீர் வருவதால் சிபியுவை பீரோவின் மேல் வைத்திருக்கிறேன். அங்கிருந்து கட்டில்வரை எந்த ஒயரும் எட்டாது. கீபோர்டு, ஹெட்போன் எல்லாம் புளூடூத். ஸ்பீக்கரில் போடலாம் என்றால், அம்மா கித்வாய் நகரில் நாலு வீட்டு வேலை முடித்து ஒன்றரைக்கு வந்து படுப்பார். அந்த ஒன்றரை மணி நேரத் தூக்கம் எங்கள் வீட்டில் கோயில் நடை சாத்தியது போல.

இதே வேலைக்கு யூ.எஸ்.பி.யில் செருகுகிற குட்டிக் குச்சிகள் கிடைக்கும். ஆன்ட்டியின் மருமகன் அதைத்தான் வாங்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஒட்டுப்போட்ட மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. முறையான கார்டு, முறையாக உள்ளே உட்கார வேண்டும். இப்போது யோசித்தால் அதுவும் கொழுப்புதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு பாலிடெக்னிக். அப்பா பெயிண்ட் டப்பாவில் நிறத்தைப் பார்த்துத்தான் எடுப்பார். அம்மா பேருந்து எண்ணைக் கேட்டுத்தான் ஏறுவார். அதுவும் ஒருவரிடம் கேட்டு நம்ப மாட்டார். நிறுத்தத்தில் ஒருவர், ஏறும்போது கண்டக்டர், உட்கார்ந்தபின் பக்கத்து சீட்டு. "பையா, இது கித்வாய் நகர் ஜாயேகா?" அண்ணா, அங்கே போகுமா என்று. பத்து வயதில் நான் எண்ணை வாசித்துச் சொன்ன பிறகும் கேட்பார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் காது சிவக்கும். அன்றைக்கு எடுத்த முடிவு, நான் வாசிப்பேன், யாரையும் கேட்க மாட்டேன் என்று. எங்கள் சந்தில் கேஸ் புத்தகமும் ஆஸ்பத்திரிச் சீட்டும் பள்ளிக்கூட விண்ணப்பப் பாரமும் என்னிடம்தான் வரும். பொடி எழுத்தையும் விடாமல் வாசித்துச் சொல்கிறவள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரோடுதான் இந்தக் கார்டையும் மூன்று வாரம் வாசித்துத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா வேலை முடிந்து வந்தார். பீரோவிலிருந்து இறக்கி, மூடி கழற்றிக் கிடந்த சிபியுவைப் பார்த்தார்.

"இன்னாடி இது, கோழி உரிச்சாப்பல தொறந்து போட்டுக்கினு."

"கார்டு வேலை செய்யலம்மா."

"குடுத்தவன கேளு."

"ஆன்லைன்ல வாங்கினது. யாரப் போய்க் கேக்கறது?"

"அப்ப கடையில எவனயாச்சும் கேளு."

"எல்லாம் படிச்சுப் பாத்துத்தாம்மா வாங்கினேன்."

"படிச்சதுதான் பாத்தமே. கேட்டா வாயி தேஞ்சா பூடும்?" என்று சொல்லிவிட்டு, பாகங்களைத் தாண்டிக் கட்டிலுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

சாயங்காலம் தண்ணீர் மோட்டார் போட ஏறி வந்த ஆன்ட்டி வாசலில் எட்டிப் பார்த்தார். "க்யா பாத் ஹை, எஞ்சினியர் சாஹிபா! இன்னும் கட்டடம் முடியலையா?" என்றார் கேலியாக. சிரித்து வைத்தேன்.

சனிக்கிழமையை விட்டால் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் சந்தையான நேரு பிளேஸில் கடைகள் மூடிக் கிடக்கும். மெட்ரோவில் போய், இறங்கி, புழுக்கத்தில் நடந்து, அந்தப் பெரிய முற்றத்துக்குள் நுழைந்தேன். பிரிண்டர் மை விற்பவர்களும் போன் கவர் விற்பவர்களும் ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டார்கள். முதல் மாடியில் ஒரு கடையில் கண்ணாடி அலமாரி நிறைய நெட்வொர்க் கார்டுகள் இருந்தன. டப்பாக்களின் பின்பக்கத்தைக் கண்ணாடி வழியாக வாசிக்க முயன்றேன். என் நிழலே எழுத்தை மறைத்தது. கால் மணி நேரம் அப்படி நின்றிருப்பேன். கடைக்காரர் மேசையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், வேணும்னா கண்ணாடியைத் தொறந்து விடவா?" என்றார் இந்தியில். நாங்கள் பேசியதெல்லாம் இந்திதான்.

என் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். மெட்ரோவில் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம் ஒன்று இருந்தது. இது எனக்கு நன்றாகவே தெரியும், சரிபார்க்கத்தான் கேட்கிறேன் என்கிற தோரணையில். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"பையா, இது ஏன் வேலை செய்யலன்னு எனக்குத் தெரியல" என்றேன்.

ரொட்டிக் கையைத் துடைத்துவிட்டுக் கார்டைத் திருப்பினார். "இது பாதிக் கார்டு."

"முழுசாத்தானே இருக்கு?"

"பாக்கத்தான் முழுசு. மீதி மூளை பிராசசருக்குள்ள இருக்கணும். அதுவும் இந்தக் கார்டைச் செஞ்ச கம்பெனியோட பிராசசர்ல. உங்களோடது எது?"

சொன்னேன். அது போட்டிக் கம்பெனி.

"அச்சா! மாப்பிள்ளை ஊர்வலம் சரியாத்தான் வந்திருக்கு மேடம். மண்டபம்தான் வேற" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற, கழுத்தில் அலுவலகப் பட்டை தொங்கிய ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பையிலிருந்து பாதி வெளியே எடுத்திருந்த ஒரு டப்பாவைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார். என் கார்டு வந்த அதே மாதிரி டப்பா. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"ஒரே மாதிரி பள்ளம் வச்சிருக்காங்களே?" என்றேன்.

"பள்ளம் எல்லாருக்கும் ஒண்ணுதான். இந்தாங்க, இது முழுக் கார்டு. நீளப் பள்ளம் இருக்குல்ல, அதுல போடறது. எந்தக் கம்பெனி பிராசசரா இருந்தாலும் ஓடும். வேற ஏதாவது கேக்கணுமா?"

இல்லை என்றேன். உண்மையில் டப்பாவுக்குள் ஒரு குட்டி ஒயர் தனியாகக் கிடந்தது. அது எதற்கு என்று தெரியவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு கேள்விக்கு மேல் எனக்கு வரவில்லை. உபரி ஒயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். வைஃபை வந்தது. ஆன்ட்டியின் ரவுட்டர் பெயர் திரையில் வந்தபோது ஆறுதலாகத்தான் இருந்தது, ஆனால் சந்தோஷப்படத் தெம்பில்லை. புளூடூத்தைத் தேடினேன். இல்லை.

ஞாயிறு முழுக்க அந்த உபரி ஒயரோடு போனது. டப்பாவில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, இந்தத் தடவை படங்களையும் சேர்த்து வாசித்தேன். வைஃபை பள்ளத்தின் வழியாக வேலை செய்யும், புளூடூத்துக்குத் தனி வழி. அந்தக் குட்டி ஒயர் கார்டிலிருந்து மதர்போர்டில் உள்ள யூ.எஸ்.பி. ஊசிகளுக்குப் போக வேண்டும். ஒன்பது ஊசிகள் கொண்ட அந்த இடம் என் போர்டில் ஒன்றே ஒன்று. அதில் ஏற்கெனவே சிபியு முகப்பில் இருக்கும் யூ.எஸ்.பி. துளைகளின் ஒயர் உட்கார்ந்திருந்தது. மலிவு போர்டில் இரண்டு வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. முகப்பு ஒயரைப் பிடுங்கிவிட்டுக் குட்டி ஒயரைச் செருகினேன். ஹெட்போன் காதுக்குள் ஒரு மணியடித்தது. இனி முகப்பில் எதைச் செருகினாலும் உயிர் வராது. வெளியே தெரியாது, எனக்குத் தெரியும்.

பழைய கார்டைத் திருப்பி அனுப்பும் பாரத்தைப் போனில் நிரப்பினேன். காரணம் கேட்டிருந்தார்கள். "பொருள் பழுது" என்பதை அமுக்கினேன். எத்தனை பேருக்கு எத்தனை பாரம் நிரப்பியிருக்கிறேன், ஒன்றில்கூடப் பொய் எழுதியதில்லை. அதை எடுத்துவிட்டு, "தவறாக வாங்கிவிட்டேன்" என்று மாற்றினேன். அதை யாரும் வாசிக்கப்போவதில்லை.

திங்கள்கிழமை ஒன்றே முக்காலுக்கு அம்மா தூங்கிவிட்டார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, தொடைமேல் கீபோர்டை வைத்து, கூட்டத்தில் சேர்ந்தேன். திரையில் எட்டு முகங்கள். என் குரல் கேட்கிறதா என்று கேட்டார்கள். தெளிவாகக் கேட்கிறது என்றார் மேலாளர். அரை மணி நேரம் கோப்புகளுக்கு எப்படிப் பெயரிடுவது, யார் சரிபார்ப்பார்கள், எந்த அளவுகோல் என்று வேகமாகச் சொன்னார். கடைசியில், "எனி கொஸ்டின்ஸ்?" என்றார்.

ஏழு பேரும் தலையை ஆட்டினார்கள். என் நோட்டில் மூன்று கேள்விகள் இருந்தன. தலையாட்ட எனக்கும் தெரியும். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் அதைத்தான் செய்தேன்.

மைக்கைத் திறந்தேன். "மேம், நீங்க சொன்ன அளவுகோல் எனக்குப் புரியல. இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். சொன்னார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருக்காவிட்டால் முதல் வரைபடமே தப்பாகப் போயிருக்கும்.

கட்டிலில் அம்மா புரண்டார். கண்ணைத் திறக்கவில்லை.

"யாராண்டடி பேசற?"

மைக்கை மூடினேன். "வேலையிலம்மா."

"மெள்ளப் பேசு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மற்ற இரண்டு கேள்விகளையும் கேட்கவில்லை. அவற்றை வாசித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று ஓரத்தில் குறி போட்டு வைத்தேன்.