தேய்த்து அழித்த கோடு

இரும்பு முறிந்தால் யாரைக் குற்றவாளி ஆக்குவீர்கள்? இரும்பையா, அதன் கீழே நின்ற மனிதனையா?

தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்குப் பட்டறை வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எஃகுத் துண்டைப் பளபளவென்று தேய்த்து, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் பார்ப்பாள். குறையே இல்லாத உலோகம் கிடையாது. அணுவரிசையில் இருக்கும் பிசகுகளால்தான் எஃகு முறியாமல் வளைகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அதன் படிக மணிகளுக்கு நடுவே அழுக்குச் சேர்ந்தால், அதே எஃகு பிஸ்கட்போல் உடையும். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

பாரந்தூக்கிக்குப் போகவேண்டிய ஒரு கொக்கியின் மாதிரித் துண்டில் அன்று மெல்லிய கோடு தெரிந்தது. தேய்க்கும்போது விழுந்த கீறலாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கவே விரும்பினாள். வெளியே லாரி காத்திருந்தது. மறுபடி அழுத்தித் தேய்த்தாள். அப்படித் தேய்த்தால் உலோகம் இழுபட்டு விரிசலைக்கூட மூடிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். கோடு மறைந்தது. கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதத்தில் கொக்கி முறிந்து, கீழே நின்ற சுமைக்காரரின் பாதம் நசுங்கியது. அளவுக்கு மீறி ஏற்றினார் என்று நிர்வாகம் ஒரே நாளில் அறிக்கை எழுதி, அவரை வேலையிலிருந்து நீக்கியது.

அவரைப் பார்க்கப் போனாள்.

“வாம்மா பூதக்கண்ணாடி. என் காலையும் தேய்ச்சுப் பாக்க வந்தியா?”

“எவ்வளவு ஏத்துனீங்கண்ணே?”

“தினமும் ஏத்துறதுதான். சொன்னா யாரு நம்புறா? என் பொண்டாட்டியே ஒரு மாதிரி பாக்குறா.”

அவர் மனைவி கொடுத்த டீயைக் குடித்தாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினாள்.

மாதிரியின் மறுபாதியை ஒரு வருடம் அலமாரியில் வைத்திருப்பது கூடத்தின் வழக்கம். மறுநாள் அதை எடுத்து ஒரே ஒரு முறை தேய்த்தாள். மணிகளின் ஓரமாக விரிசல் ஓடியது. படம் எடுத்தாள்.

“பழசை ஏம்மா கிளறுற?” என்றார் மேலாளர். “கையெழுத்து உன்னோடது. மொதல்ல நீதான் மாட்டுவ.”

“தெரியும் சார்.” படத்தோடு, தான் இரண்டு முறை தேய்த்ததையும் எழுதிக் கொடுத்தாள்.

விசாரணையில் அதிகாரி கேட்டார்: “ரெண்டாவது தடவை ஏன் தேய்ச்சீங்க?”

“தெரியாம போகட்டும்னுதான்.”

அவள் வேலை போனது. சுமைக்காரர்மேல் இருந்த பழியும் போனது. பாதம் மட்டும் திரும்பவில்லை. மறுபடி அவர் வீட்டுக்குள் நுழைய அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

உங்கள் வேலையிடத்திலும் நாளை யாராவது ஒருவர்மேல் இப்படிப் பழி விழும். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன், உடைந்த துண்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.