நான் கட்டச் சொன்ன கைகள்

எங்கள் தொழிலில் காது கேளாத குழந்தையைச் சமாளிப்பது எளிது. கூட வருகிற பெரியவர்களிடம்தான் உயிர் போய்விடும். காந்திபுரத்தில் ஒரு மாடியில், இரண்டே அறையில், இந்தக் குழந்தைகளின் அம்மாக்களுக்கு முப்பத்தொரு வருடம் வகுப்பு எடுத்தேன். உங்களில் யாராவது இந்த வேலையில் இருந்திருந்தால் உங்களிடமும் கதைகள் நிறைய இருக்கும். நான் ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தட்டுச் சத்தம்

பழனிச்சாமியும் செல்வியும் சோமனூரிலிருந்து வந்தார்கள். இருவரும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். மகள் தாரணிக்கு இரண்டு வயது. குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று டாக்டர் எழுதிய சீட்டை என்னிடம் நீட்டிய பழனிச்சாமி, அதை நம்ப வேண்டாம் என்றும் தானே சொன்னார். பையிலிருந்து எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்தார். அதற்காகவே பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார். குழந்தைக்குப் பின்னால் போய் நின்று ஓங்கி அடித்தார். தாரணி திரும்பினாள்.

அவருடைய நிழல் அவள் முன்னால் சுவரில் விழுந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் திரும்பினாள் என்று சொன்னேன். அவர் தட்டைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"கேக்குதுங்க. நானே நாலு வயசுலதான் பேசுனனாமா. நீங்க நல்லா இருங்க, நாங்க போய்ட்டு வாரமுங்க."

தண்ணீர்

வந்தார்கள், ஒன்றரை வருடம் கழித்து. மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் வயதில் ஒன்றரை வருடம் போனால் என்ன போகும் என்று உங்களுக்குத் தெரியும். காதுக்கு மிஷின் மாட்டினோம். செல்விக்கு விதிகளைச் சொன்னேன். வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசு. கையால் ஜாடை காட்டாதே. பிள்ளை டம்ளரைக் கைகாட்டித் தண்ணீர் கேட்டால் கொடுக்காதே; வாயிலிருந்து ஒரு சத்தமாவது வரட்டும். கை பேசினால் வாய் சோம்பிவிடும் என்பது அன்று எங்களுக்கு வேதவாக்கு. பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் ஒருநாளும் மறுத்துக் கேட்டதில்லை. "கை தானா எழுந்தா மடியில கட்டிக்கோ, கண்ணு" என்றேன்.

செல்வி இரண்டு கையையும் மடியில் கட்டி வைத்துப் பார்த்தாள்.

"தெரிஞ்சும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கோணும், அவ்வளவுதானுங்களே? கண்ணாலம் ஆனதுல இருந்து அதைத்தானுங்க பண்ணீட்டிருக்கேன்."

குடோன்

வீட்டைப் பார்த்துவர ஒருமுறை சோமனூர் போனேன். வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் தறிக்குடோனில் இருந்தார்கள். பதினாறு தறி ஒன்றாக ஓடுகிற இடத்தில் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? நாம் பேசுவது நமக்கே கேட்காது. அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை. கோடியில் நின்ற செல்வி இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒட்டவைத்துப் பிரித்தாள். இந்தக் கோடியில் பழனிச்சாமி தறியை நிறுத்தி அறுந்த நூலை முடிந்தார். டீ வந்தது, கரண்ட் போகப்போகிறது, முதலாளிக்கு இன்று கோபம், எல்லாம் கையிலேயே நடந்தது.

நடுவில் தாரணி. நாலு வயது. வயிற்றை முன்னால் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டி, முதலாளி மாதிரி நடந்து காட்டினாள். குடோனே சிரித்தது. அவளும் கையை ஆட்டி ஆட்டி ஒவ்வொருவரிடமும் ஏதோ சொன்னாள். ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள். என்னுடைய மாடியில் அந்தப் பிள்ளை ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? இருவரையும் வெளியே கூப்பிட்டு, இனிப் பிள்ளையைக் குடோனுக்குக் கூட்டிவரக் கூடாது, கைப்பழக்கம் வந்துவிடும் என்று கண்டித்தேன். பழனிச்சாமி தலையைச் சொறிந்தார்.

"அவ இங்கதானுங்க சிரிக்கறா. செரி, படிச்சவிங்க சொல்றீங்க."

காதுகுத்து

தாரணிக்கு ஐந்து வயதானபோது குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். கிடா வெட்டு, பந்தல், முந்நூறு பேருக்குச் சாப்பாடு. தாய்மாமன் மடியில் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்த பிள்ளையின் காதில் மிஷின் இல்லை. எங்கே என்று மாமனைக் கேட்டேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

"போட்டோவுல கம்மல் தெரிஞ்சாப் போதுமுங்க, மிஷினு எதுக்கு? நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுல பாப்பாங்கல்லொ?"

மேடை

மூன்று வருடம் பாடுபட்டதில் தாரணிக்கு ஐந்து சொல் வந்தது. எங்கள் ஆண்டுவிழாவில் அவளை மேடையேற்றினேன். அம்மா, பூ, பால், மாமா, பழம். ஒவ்வொரு சொல்லுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் செல்வி அழுதாள். அப்போதும் கை இரண்டும் மடியில் கட்டியே இருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலைமை தாங்க வந்திருந்த மில் முதலாளி என் பக்கம் குனிந்தார்.

"நல்லாப் பேசுதுங்க. அடுத்த வருசம் ஒரு பாட்டுப் பாட வெச்சுப்போடுங்க."

மூன்று நாள்

பிறகு விடுதிப் பள்ளி. அங்கே மற்றப் பிள்ளைகளிடமிருந்து தாரணி கைமொழியைக் கற்றுக்கொண்டாள். வீட்டில் அது யாருக்கும் தெரியாது. இப்போது இருபத்திரண்டு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. நான் ஓய்வுபெற்று வருடங்கள் ஆகிவிட்டன. போன மாதம் செல்வி போனில் கூப்பிட்டாள். "மூணு நாளா வேலைக்குப் போகாம அழுகறாளுங்க. என்னமோ சொல்றா. வாயைப் பெருசாத் தொறந்து கேட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் புரியலீங்க. நீங்க வந்து கேட்டுச் சொல்லுங்க."

போனேன். தாரணியின் கைகள் என் முன்னால் வேகமாக ஓடின. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அந்த மொழியை நான் கற்றதே இல்லை. எழுதச் சொன்னேன். "வேலை வேண்டாம் நான்" என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டாள். செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்ல ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"குடோன்ல பேசுவீங்களே, அப்படிக் கேளு கண்ணு."

நான் மெய்யாகத்தான் சொல்கிறேனா என்று செல்வி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்து, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒட்டவைத்து, மெல்லப் பிரித்தாள். எங்கே அறுந்தது?

தாரணி அந்த விரல்களையே பார்த்தபடி இருந்தாள். பிறகு எழுந்தாள். வயிற்றை முன்னால் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டி நாலடி நடந்தாள். கம்பெனியில் அதிகாரம் செய்கிற ஆள். அடுத்து, தன் மணிக்கட்டைத் தானே இறுக்கிப் பிடித்து இழுத்தாள். விடவில்லை. விடாமல் பிடித்தே காட்டினாள்.

செல்விக்குப் புரிந்தது. மகளின் கையைப் பிரித்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இனி அங்கே போக வேண்டாம் என்று ஒற்றைக் கையால் சொன்னாள். நாளைக்கு நான் போகிறேன் என்றாள். அந்தக் கைகள் இவ்வளவு பேசும் என்பது, நாலு வயதுக்குப் பிறகு, அன்றுதான் மகளுக்குத் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் கிளம்பும்போது செல்வி வாசல்வரை வந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, கொங்கு மரியாதை குறையாமல்தான் சொன்னாள்.

"பதினெட்டு வருசமா எங்க கைக்குத் தெரியுமுங்க டீச்சர். நீங்க கட்டிக்கச் சொன்னீங்க, கட்டிக்கிட்டனுங்க."

முப்பத்தொரு வருடம் பேச்சுச் சொல்லிக்கொடுத்தேன் என்று பாராட்டிக் கேடயம் கொடுத்திருக்கிறார்கள். பேசிக்கொண்டிருந்த ஒரு வீட்டை நிறுத்திவைத்த வேலையை மட்டும்தான் நான் குறையில்லாமல் செய்து முடித்திருக்கிறேன்.