பூட்டு தொங்கினால் ஊருக்குப் போயாச்சு

போன வியாழக்கிழமை என் மகள் காணாமல் போனாள்.

கிடைத்துவிட்டாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையை இழுத்தடித்து, கடைசியில் உங்களைப் பெருமூச்சு விடவைக்கும் தெம்பு எனக்கு இப்போது இல்லை. நான் இதை எழுதும்போது நித்யா பக்கத்தில் உட்கார்ந்து மேப்பில் நதிகளுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு வரி எழுதியதும் தலையைத் திருப்பிப் பார்க்கிறேன். இருக்கிறாள்.

நாங்கள் மெட்ராஸை விட்டு சிறுமலை அடிவாரத்துக்கு வந்துவிட்டோம் என்று இந்தப் பக்கத்தில் எழுதியபோது எத்தனை கடிதங்கள் போட்டீர்கள்... 'கொடுத்து வைத்தவர்கள்', 'சுத்தமான காற்று', 'எங்களுக்கும் அங்கே ஒரு இடம் பாருங்களேன்'. ஒரு வாசகி மலையைப் படமாகவே வரைந்து அனுப்பியிருந்தார். ஒருவருக்கும் பதில் போடவில்லை. என்னவென்று போடுவது?

என் வீட்டுக்காரருக்குப் பிளட் பிரஷர். ஆபீஸ், பஸ், மறுபடி ஆபீஸ் என்று ஓடியதில் வந்தது. 'இடத்தை மாத்துங்க சார்' என்றார் டாக்டர். அவர் சொன்னது ஒரு மாத லீவைத்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இவர் வேலையையே விட்டுவிட்டார். நண்பர் ஒருவரின் திராட்சைத் தோட்டத்தில் பங்கு சேர்ந்து, தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில் குடியேற்றிவிட்டார் எங்களை. நான் பார்த்த டீச்சர் வேலையும் அதோடு போயிற்று. மனுஷருக்குப் பிரஷர் குறைந்துவிட்டது. எங்கே போயிற்று என்கிறீர்களா? எனக்கு வந்துவிட்டது.

வீட்டின் பின்கட்டுக்கு மேலே சின்னதாக ஒரு மொட்டை மாடி. ஏறி நின்றால் ஒரு பக்கம் சிறுமலை, மறு பக்கம் மதுரை ரோடு. சாயங்காலம் காப்பியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஏறுவோம். அவர் மலையைப் பார்ப்பார். நான் ரோட்டைப் பார்ப்பேன். போகிற பஸ்களை எல்லாம் பார்ப்பேன்.

கரண்ட் போனால், பால் திரிந்தால், குளியலறையில் தேள் வந்தால் – என் வாயில் வருவது ஒரே வசனம்தான். "ஒருநாள் பாருங்க, நான் பாட்டுக்கு ரயிலேறிப் போயிடப் போறேன்."

எந்த வீட்டில் அம்மா இப்படிச் சொல்வதில்லை? யார் அதைக் காதில் வாங்குகிறார்கள்? வாங்கியவள் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு வயது பத்து.

இனி பூட்டுக் கதை.

'திண்டுக்கல் பக்கத்தில் குடியிருந்துகொண்டு பூட்டு இல்லாமலா?' என்று வந்த புதிதில் கனமாக ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்கி வந்தார் இவர். அது ஆணியில் தொங்கியதோடு சரி. இவர் எப்போதும் தோட்டத்தில் இருப்பார், அல்லது நான் வீட்டில் இருப்பேன். பூட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது. திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் பார்க்க அவர் விடியற்காலையிலேயே வடமதுரைப் பக்கம் போய்விட்டார். நித்யா பள்ளிக்கூடம் போனாள். நான் திண்டுக்கல் போகக் கிளம்பினேன். பூட்டை எடுத்தேன், பூட்டினேன், இழுத்து இழுத்துப் பார்த்தேன். அது மெட்ராஸ் கை, என்ன செய்வது? எதிர்வீட்டு வாசலில் பஞ்சவர்ணம் உட்கார்ந்து சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். புன்னகைத்துவிட்டுப் போய் பஸ் ஏறிவிட்டேன்.

திண்டுக்கல்லில் என்ன வேலை? வீட்டில் சொன்னது காப்பித்தூள். உண்மையில் டெலிபோன் ஆபீஸ். மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு டிரங்க் கால் புக் செய்தேன். பெஞ்சில் காத்துக் கிடந்தேன். லைன் கிடைத்ததும் கத்திக் கேட்டேன், எங்கள் பழைய போர்ஷனில் ஆள் வந்துவிட்டார்களா என்று.

"இன்னும் காலியாத்தான் இருக்கும்மா. ஒண்ணாம் தேதிக்குள்ள முடிவு சொல்லுங்க" என்றார் அவர்.

காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மனசு அப்போதே மாம்பலத்தில் திரைச்சீலை மாட்ட ஆரம்பித்துவிட்டது.

சாயங்காலம் வீடு வந்து, பூட்டைத் திறந்து, காப்பி போட்டேன். நித்யாவின் பஸ் வந்தது. அவள் இறங்கவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது.

எதிர்வீட்டுக்குப் போனேன். பஞ்சவர்ணம் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். முகம் அப்படியே வெளுத்துவிட்டது.

"டீச்சரம்மா... நீங்க ஊருக்குப் போகலையா?"

"எந்த ஊருக்கு?"

"மெட்ராசுக்குத்தேன். வீட்ல பூட்டுல்ல தொங்குச்சு."

"திண்டுக்கல் போயிருந்தேன், பஞ்சவர்ணம்."

"திண்டுக்கல் போறதுக்கு யாராச்சும் பூட்டுவாகளா? கொண்டிய மாட்டிட்டு 'செத்த பாத்துக்க, போயிட்டு வாரேன்'னு ஒரு வார்த்தை சொன்னா நாங்க பாத்துக்க மாட்டமா? பூட்டு தொங்குனா ஊருக்குப் போயாச்சுன்னுதேன் அர்த்தம். சொல்லாமப் போயிட்டாகளேன்னு எனக்கு மனத்தாங்கலாப் போச்சு."

"நித்யா எங்கே?"

அப்போதுதான் விஷயம் வந்தது. கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் வயதான சிஸ்டர் ஒருவர் இறந்துபோனதால் மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். நித்யா வந்து பூட்டைப் பார்த்தாள். 'அம்மா எங்கே அத்தை?' என்று கேட்டாள். பஞ்சவர்ணம் தனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னாள் – 'ஊருக்குப் போயிட்டாக போலருக்கே, உன்கிட்டச் சொல்லலையா?' சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் வைத்துச் சாப்பிடச் சொன்னாள். கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து பார்த்தால் தட்டு மட்டும் இருந்தது. தட்டில் பாதிச் சோறு.

"ரோட்டுப் பக்கம் ஓடிப் பாத்தேன். கொடைரோடு பஸ்ல பாப்பா ஏறுச்சுன்னு டீக்கடையில சொன்னாக. சரி, நீங்க ஸ்டேசன்ல நிக்கிறீக, பிள்ளைய அங்க வரச் சொல்லியிருக்கீகன்னு நெனச்சுப்புட்டேன். என் புத்திய செருப்பால அடிக்கணும்."

அடிக்க வேண்டியது யார் புத்தியை என்று எனக்குத் தெரியும்.

மெட்ராஸிலிருந்து நாங்கள் ரயிலில் வந்து இறங்கியது கொடைரோட்டில். அவளைப் பொறுத்தவரை மெட்ராஸ் ரயில் நிற்கும் இடம் அதுதான்.

அந்த பஸ் பயணத்தை எப்படி எழுதுவது? பஞ்சவர்ணம் கையிலிருந்த முடிச்சுத் துணியோடே என் பின்னால் ஏறிவிட்டாள். ஏறியதும் கண்டக்டரிடம் சத்தமாகச் சொன்னாள். "அப்பு, வெரசா விடச் சொல்லு. டீச்சரம்மா மகளக் காணோம்." அவ்வளவுதான், பஸ் முழுக்க எங்கள் குடும்பமாகிவிட்டது.

"திட்டுனீகளா?" என்றார் ஒரு பெரியவர்.

"இல்லை."

"மார்க்கு கொறஞ்சுபோச்சா?"

"இல்லைங்க."

"பெறகு ஏன் பிள்ள ஓடுது?"

"ஏன்யா, நீரு என்ன போலீஸா? பேசாம வாரும்" என்றாள் பஞ்சவர்ணம்.

மெட்ராஸ் பஸ் என்றால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எத்தனை நாள் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அங்கே அவரவர் வேலையை அவரவர் பார்ப்பார்கள் என்று. அன்றைக்கு அந்தப் பெரியவர் கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். பதில் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் மூச்சு விட்டேன்.

கொடைரோடு ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டர் அறைக்கு வெளியே, சாமான் எடை போடும் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் நித்யா. மடியில் புத்தகப் பையை வைத்து அதன்மேல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

டிக்கெட் கொடுப்பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க பொண்ணாம்மா? மெட்ராஸுக்கு அரை டிக்கெட் குடுங்கன்னு வந்து நிக்குது. யார் கூட வந்தேன்னா, அம்மா முன்னாடியே போயிட்டாங்கங்குது. சரி, ஆள் அனுப்பிச் சொல்லலாம்னு வீடு எங்கன்னு கேட்டா, மாம்பலம், தெரு, கதவு நம்பர், மாடி போர்ஷன்னு கடகடன்னு ஒப்பிக்குது. அங்க நான் எப்படிம்மா ஆள் அனுப்புறது?"

அந்த விலாசத்தை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு நாலு வயதில். தொலைந்துபோனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று, சாதம் ஊட்டும்போதெல்லாம் பாட்டு மாதிரி ஒப்பிக்கவைத்தேன். மெட்ராஸில் ஒரு நாளும் அவள் தொலையவில்லை.

இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. புது விலாசத்தை ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை? மறதியா? உப்பு, புளி முதல் கொசுவலை வரை ஞாபகம் வைத்து வாங்கத் தெரிந்தவளுக்கு இது மட்டும் மறக்குமா? இரண்டு மாதமோ மூன்று மாதமோ தாக்குப்பிடித்துவிட்டுத் திரும்பப் போகிறோம், இதற்குப் போய் விலாசம் எதற்கு... அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

நித்யா நிமிர்ந்து பார்த்தாள். "நீ போகலையா?"

"உன்னை விட்டுட்டு எப்படிடா போவேன்?"

"நீதான் தினம் சொல்வியே."

டிக்கெட் கொடுப்பவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மனிதர் நல்லவர். எங்களைப் பார்க்காமல் இருப்பதற்காக ரொம்ப நேரம் துடைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நித்யா என் பக்கத்தில் உட்காரவில்லை. பஞ்சவர்ணத்தின் மடியில் சாய்ந்துகொண்டாள்.

"ஏத்தா, இனிமே யாரு கேட்டாலும் மாம்பலம், மாடிங்காத. பஞ்சவர்ணத்துக்கு எதுத்த வீடுன்னு சொல்லு. அம்புட்டுத்தேன்."

"தெரு பேரு, நம்பர்லாம் வேண்டாமா அத்தை?"

"நம்பரு எதுக்கு? நான் என்ன ரயில் பெட்டியா?"

"தபால்காரருக்குத் தெரியுமா?"

"எங்க சித்தப்பா மகன்தேன். தெரியாமப் போனாத்தேன் இருக்கு அவனுக்கு."

நித்யா சிரித்தாள்.

வீட்டில் அவர் வந்து காத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், டிரங்க் கால் உட்பட. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பிரஷர் ஏறுமோ என்று பயந்தேன். கதவில் நான் திறந்தபடியே விட்டுப்போன பூட்டைக் கழற்றி உள்ளே ஆணியில் மாட்டினார்.

"போகணும்னு முடிவு பண்ணா என்கிட்டக்கூடச் சொல்ல வேண்டாம். பஞ்சவர்ணத்துகிட்டயாவது சொல்லிட்டுப் போ" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்களாவது எழுதுங்கள்.

நகரத்தை விட்டு மலையடிவாரத்துக்குப் போகத் துடிக்கும் வாசகர்களே, வாருங்கள், தாராளமாக. காற்று நிஜமாகவே சுத்தமானதுதான். சாமான்களை லாரியில் ஏற்றி, பாலைக் காய்ச்சிவிட்டால் ஊர் மாறிவிட்டது என்று நினைக்கிறோம். பிள்ளைகள் அப்படி நினைப்பதில்லை. அம்மா வந்து சேர்ந்துவிட்டாளா என்று அவர்கள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அம்மா வந்து சேர்ந்த பிறகுதான் அவர்களும் வந்து சேருவார்கள் போலிருக்கிறது.

நான் வந்து சேர்ந்துவிட்டேனா? தெரியவில்லை. ஒண்ணாம் தேதி வருகிறது. மாம்பலத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மாடி ஏறினால் கண் இன்னும் ரோட்டுக்குத்தான் போகிறது. இரண்டு நாள் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கழுத்து வலிக்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவர் தோட்டத்து ஆட்களோடு மலைப்பக்கம் போயிருந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த என் மூக்குக்கண்ணாடியை வாங்க நான் திண்டுக்கல் போக வேண்டியிருந்தது. நித்யா வரவில்லை என்றுவிட்டாள். எதிர்வீட்டு வாசலில் நின்று, "பஞ்சவர்ணம், திண்டுக்கல் போயிட்டு வரேன், நித்யாவைப் பாத்துக்க" என்றேன். இங்கே பக்கத்து ஊருக்குப் போகக்கூட இப்படி உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறதே என்று உள்ளே ஒரு முணுமுணுப்பு, இல்லாமல் இல்லை.

"வரும்போது கனகாம்பரம் வாங்கிட்டு வாங்க டீச்சரம்மா" என்றாள் அவள், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். எங்கள் மொட்டை மாடியில் நித்யா நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நின்றால் கொடைரோடு பஸ். ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றால் திண்டுக்கல் பஸ். கை காட்டினேன். அவள் காட்டவில்லை.

ரோட்டைத் தாண்டினேன். பஸ் வந்தது, ஏறினேன், ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் திண்டுக்கல் பக்கமாக நகர்ந்த பிறகுதான் அவள் கை காட்டினாள்.