மெர்டேக்கா அலங்காரம் மறைச்ச கதவு

இன்னைக்கு காஜா பேராங்ல எங்க ஆபீஸ்ல பயர் டிரில்.

முன்படிக்கட்டுல நெருப்புன்னு வச்சுக்கிட்டு, மாடியில இருந்த எல்லாரும் பின்கதவுக்கு ஓடினோம். எட்டு மாசக் கர்ப்பிணி நிர்மலாவை நான் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்.

கதவு திறக்கல. மெர்டேக்கா, அதாவது சுதந்திர தின அலங்காரப் போட்டிக்காகக் குறுக்கே பலகை வச்சு ஆணி அடிச்சிருக்கு. அடிச்சது சேஃப்டி பொறுப்பாளர் சிவா.

"போட்டி முடியட்டும்கா, கழட்டிடுறேன். இப்ப முன்படியில இறங்குங்க."

"நெருப்பு இருக்கிற படியிலயா?"

"சும்மா டிரில்தானேக்கா"ன்னு சிரிக்கிறான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அதே முன்படியில கீழே இறங்கினதும் எங்களைப் படம் எடுத்து, எல்லாரும் பத்திரம்னு ஆபீஸ் குரூப்ல போட்டுட்டான். பாஸ் கட்டைவிரல் காட்டிட்டார்.

நாளைக்கு உங்க வேலையிடத்துப் பின்கதவை ஒரு தடவை தள்ளிப் பாருங்க. திறந்துச்சான்னு இங்க சொல்லுங்க. எங்க கதவுக்கு முதல் பரிசு கிடைச்சா நானும் சொல்றேன்.