தீபத்துக்கு முந்தைய இருட்டு

தம்பி என் கைபேசிக்கு அந்த வீடியோவை அனுப்பியபோது, இவன் ஏதோ உள்வேலை பார்க்கிறான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்பாவின் முதல் தெவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வரமாட்டேன் என்று அவனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தேன். சொன்ன சூடு ஆறுவதற்குள் வீடியோ வருகிறது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதிலும் நான் சந்தேகத்தோடு கூடப் பிறந்தவள். பால்காரர் சிரித்தால்கூட இன்றைக்குத் தண்ணீர் ஜாஸ்தியோ என்று சொம்புக்குள் எட்டிப் பார்ப்பேன்.

வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போன நாளிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் பேச்சையே நிறுத்திக்கொண்டார். மகள் பிறந்த பிறகு, அம்மா அழுது கூப்பிட்டதால், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு தடவை தீபத்துக்குத் திருவண்ணாமலை வீட்டுக்குப் போனேன். நான் வருவது தெரிந்து அப்பா முன்கூட்டியே கிரிவலம் கிளம்பிவிட்டார் என்றாள் அம்மா. பேத்தி முகத்தைப் பார்க்கவும் மனசில்லாத ஆள் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். பிறகு அம்மா போய்விட்டாள், அப்பாவும் போய்விட்டார். என் முடிவு மட்டும் அப்படியே இருந்தது.

தம்பி இப்போது அனுப்பியது, அந்தத் தீபத்தன்று அவன் யாரிடமோ கேமரா இரவல் வாங்கி மொட்டை மாடியில் எடுத்த கேசட். மலையில் தீபம் தெரிகிறவரை எங்கள் ஊரில் வீட்டு விளக்கை ஏற்ற மாட்டார்கள். எங்கள் தெருவில் ட்யூப்லைட்டையும் அணைத்துவிடுவோம். அதனால் படத்தில் முக்கால்வாசி கும்மிருட்டு. கேமராவை மாடிப்படிக் கதவோரம் ஒரு ஸ்டூலில் வைத்து ஓடவிட்டுவிட்டு, தம்பியும் மலையைப் பார்க்க முன்னால் வந்துவிட்டான். பிறகொரு நாள் என் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டியபோதும் இருட்டை வேகமாக ஓட்டிவிட்டு, தீபம் தெரிகிற இடத்திலிருந்துதான் பார்த்தோம். இருட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

இப்போது வந்த வீடியோவில் இருட்டே இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழைய கேசட்டுகளை மாற்றித் தரும் கடையில் கொடுத்து, கம்ப்யூட்டரில் வெளுக்க வைத்து, புள்ளியும் கோடுமாக இருந்ததையெல்லாம் துடைத்திருந்தான். நான் அக்கம்பக்கத்தாரோடு கைப்பிடிச் சுவரோரம் முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நிற்கிறேன். எனக்குப் பின்னால் அம்மா, அவள் தோளில் என் மகள். மாடிப்படிக் கதவு வழியாக ஒரு ஆள் வந்து குழந்தைமேல் குனிகிறார். நிமிரும்போது முகம் பளிச்சென்று தெரிகிறது. அப்பா.

மூன்று நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. அப்பாவின் இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு ஒன்று உண்டு, அந்த இடத்தில் முடியே முளைக்காது. வீடியோவில் இரண்டு புருவமும் கல்யாண மாப்பிள்ளைக்குத் திருத்தியதுபோல் இருந்தன. உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

"புருவத்துல தழும்பு எங்கடா?"

"கம்ப்யூட்டர் வழிச்சி வுட்டிருக்கும்க்கா."

"தழும்ப எடுக்கத் தெரிஞ்சதுக்கு ஆளக் கொண்டாந்து வைக்கத் தெரியாதா?"

"நாளைக்கு அந்தக் கடைக்கே வரேன்" என்று போனை வைத்தேன். மறுநாள் முதல் வேலையாக பஸ் ஏறினேன். கடை வாசலில் தம்பி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தான். கடைக்காரரிடம் பேசி வைக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் வாய் ஓயாதவர். எந்தக் கல்யாணக் கேசட்டையும் நேற்று எடுத்ததுபோல ஆக்கித் தருவேன் என்று ஆரம்பித்தார். நான் கைபேசியை அவர் முன்னால் நீட்டினேன்.

"இந்த மொகம் கேசட்டுல இருக்குதா, நீங்க செஞ்சதா?"

"ஆளு கேசட்டுல இருக்காருங்க மேடம். மொகம்தான் கொஞ்சம் கம்மி."

"கம்மின்னா?"

"இல்லைங்க."

"அப்ப இது யாரு மொகம்?"

"சார் ஒரு போட்டோ குடுத்தாரு. அத வெச்சி செட் பண்ணேன். செம க்ளியரா வந்திருக்கில்ல?"

தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுகையும் வந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என்னை வரவைக்கிறதுக்குச் செத்தவர வெச்சி வெளாடுறியாடா?"

"வந்தது அவருதாங்க்கா. இருட்ட வெளுத்துக் காமிச்சதும் எனக்கே தெரிஞ்சிடுச்சி. மொகம் வெறும் மங்கலா இருந்திச்சி. நீ நம்ப மாட்டேன்னுதான் போட்டோ குடுத்தேன். நடையப் பாரேன், அவரு நடை தெரியல?"

"நடையும் இவரு செட் பண்ணதா இருக்கும்."

"நடைக்கெல்லாம் நம்மகிட்ட சாஃப்ட்வேர் இல்லைங்க" என்றார் கடைக்காரர், அது ஒரு குறைதான் என்பதுபோல.

கம்ப்யூட்டரே இல்லாமல் கேசட்டை நேராக டிவியில் போடச் சொன்னேன். ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று கையால் தொட்டும் பார்த்துக்கொண்டேன். அந்தக் கடையில் அன்று நான் நம்பியது அந்த ஒயரை மட்டும்தான்.

படம் ஓடியது. கறுப்பு, அதில் ஈசல் பறப்பதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்து, குனிந்து, நிமிர்ந்தது. அப்பாவாக இருக்கலாம். எதிர்வீட்டுக்காரராகவும் இருக்கலாம். இதற்கா பஸ் ஏறி வந்தேன் என்று எழுந்திருக்கப் போனேன்.

ஆனால் சத்தம் இருந்தது. என் கைபேசிக்கு வந்த வீடியோவில் இந்த இடம் முழுக்க அமைதி. இங்கே கரகரவென்று இரைச்சல், தூரத்தில் வெடி, தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவது.

"இந்த இரைச்சலையும் சுத்தமா எடுத்துட்டேன் மேடம்" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் சத்தத்தைக் குறைக்கப் போனார். நான் அவர் கையைத் தள்ளிவிட்டு முழுசாகக் கூட்டி வைத்தேன்.

அப்பாவுக்குப் பேச ஆரம்பிக்கும் முன் தொண்டையைச் செருமும் பழக்கம் உண்டு. அடைத்த குழாயில் தண்ணீர் வருவதுபோல இரண்டு செருமல், அப்புறம்தான் வார்த்தை. கேமரா கதவோரம் இருந்ததால் அது பக்கத்திலேயே கேட்டது. பிறகு தணிந்த குரல்.

"கொழந்த தலைய மூடு. பனி ஆவாது. இவளுக்கும் அவள மாதிரியே சட்டுனு சளி புடிச்சிக்கும். நான் வந்தன்னு சொல்லாத."

தம்பி பக்கத்தில் கிடந்த அட்டைப் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இதை அவன் கேட்டதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்படியும் ஒரு கணம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன், என் புத்தி அப்படி. சிறுவயதில் பனிக்காலம் வந்தால் எனக்கு மூச்சு இழுக்கும். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு விடியவிடிய நடந்தவர் அப்பா. அந்தக் குரலைப் போட்டோ கொடுத்துச் செய்ய முடியாது.

"தெவசத்துக்கு வரேன்டா" என்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

கடைக்காரரிடம் இன்னொரு தடவை போடச் சொன்னேன். முதல் தடவை அப்பாவின் குரலோடு என் காது அடைத்துப்போயிருந்தது. இந்தத் தடவை அதற்குப் பிறகு வந்ததும் கேட்டது. அம்மாவின் குரல்.

"இதோ நிக்கிறா பாருங்க. ஒரு வார்த்த பேசிட்டுத்தான் போங்களேன்."

இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அப்பா தொண்டையைச் செருமினார், ஒரு தடவை, இன்னொரு தடவை. சரியாக அந்த நேரம் பார்த்து மலையில் தீபம் தெரிந்திருக்கிறது. அரோகரா என்று மாடியே கத்தியது. அதில் எல்லோரையும்விட ஓங்கிக் கேட்டது என் குரல். அது அடங்கியபோது, படியில் காலடிச் சத்தம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.