கைராசியில் போன வரிக்கழிவு

பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு என்பதற்காகவே பழைய வரிமுறையில் பிடிவாதமாக இருப்பவன் நான். இன்று ஆடிட்டர் ரசீதுகளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், எல்லாம் வீட்டம்மா பேர்ல இருக்குது? கட்டினவங்களுக்குத்தான் கழிவு."

என் மனைவி வீட்டில் பட்டு நெய்கிறாள். வரி கட்டுகிற அளவுக்கு அவளுக்கு வருமானம் இல்லை.

ஆனால் கைராசிக்காரி. தறியில் புதுப் பாவு நூல் ஏறினாலும், பள்ளியில் பணம் கட்டினாலும், எங்கள் வீட்டில் அவள் கைதான் முதலில் பட வேண்டும். என் சம்பளத்தை அவள் கணக்குக்கு அனுப்பிவிடுவேன், அவள் கட்டுவாள். இத்தனை வருடமாக!

வீட்டுக்கு வந்து கத்தினேன். தறியை நிறுத்தாமலே சொன்னாள்: "அப்ப வரிப் பணத்தையும் என் கையில குடுங்க, ராசியா கட்டிட்டு வர்றேன்."

வருமானவரிச் சட்டத்தில் கைராசிக்கு ஏதாவது பிரிவு இருந்தால் யாராவது சொல்லுங்கள்.